குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பெண்கள் வாசல்

இருபத்தாறு வருஷம் நான் மற்றவர்களுடைய கழிப்பறைகளைக் கழுவியிருக்கிறேன். பலெர்மோவில், லிபெர்த்தாத் தெருவின் பெரிய வீடுகளில் நடக்க முடியாத கிழவிகளைத் தூக்கி இருத்தி, கழுவி, துடைத்து, மறுபடி படுக்கையில் விட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு அருவருப்பு வந்ததில்லை. வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினால் எல்லாம் போய்விடும். கழுவியும் போகாத அருவருப்பு எனக்கு வந்தது ஒரு புத்தம் புதுக் கட்டடத்தில். சுவரில் சுண்ணாம்பு மணம்கூடப் போகவில்லை. எங்களுக்காகவே, எங்களைக் கேட்டுக் கேட்டே கட்டியது என்று வாசலில் எழுதியிருக்கிறார்கள்.

என் புருஷனுடைய தங்கை, என் மச்சாள், என்னோடுதான் இருக்கிறாள். வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு குசினி. இரண்டு பேரும் தாலி இழந்தவர்கள். இரண்டு பேருடைய இத்தாலியமும் வீட்டு வேலை இத்தாலியம். வாளி, துடைப்பம், சூப், மாத்திரை, மெதுவாக எழும்புங்கள் சின்யோரா. அதற்கு மேல் எங்களுக்குச் சொல் கிடையாது.

ஒருநாள் காலை குளியலறைக்குள் இருந்து மச்சாள் என்னைக் கூப்பிட்டாள். கதவை நாலு விரல் அளவுதான் திறந்தாள்.

"மச்சாள், எனக்குத் திரும்பவும் பட்டுக் கிடக்கு."

அவளுக்கு அறுபத்தாறு வயது. தீட்டு நின்று பதினைந்து வருஷத்துக்கு மேல்.

"உடனை ஆசுப்பத்திரிக்குப் போவம்," என்றேன்.

"அங்கை ஆர் கதைக்கிறது? உன்ரை அண்ணன்ரை பெடியனைக் கூட்டிக்கொண்டு போய், உதை அவன்ரை வாயாலை சொல்லச் சொல்லுறியோ? அதுக்கு நான் செத்துப் போகலாம்."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு ஊர் ஓரத்துப் பெலெகிரினோ மலைக்கு வெறுங்காலோடு ஏறி, அங்கே இருக்கும் மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்தாள். மலையிலிருந்து இறங்கும்போது இரத்தம் இன்னும் கூடப் போனது என்று இரவு சொன்னாள்.

அந்த நாட்களில்தான் எங்கள் பகுதியில் ஒரு பழைய எண்ணெய்க் கிடங்கை இடித்து, வெளிநாட்டுச் சனத்துக்கு ஒரு சுகாதார நிலையம் கட்டப் போவதாகக் கதை வந்தது. அந்தந்தச் சனத்தின் பழக்கவழக்கத்துக்கு ஏற்ற மாதிரிக் கட்டுவார்களாம். பூமிக்கு நோகாத கட்டடமாம். வெயிலில் கரண்ட் எடுக்குமாம், மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்குமாம். எங்களைக் கேட்காமல் ஒரு கல்லும் வைக்க மாட்டார்களாம். தமிழ்ச் சனத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வைத்தார்கள்.

மச்சாள் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கூட்டத்துக்குப் போ. போய்ச் சொல்லு. பொம்பிளையளுக்கு வேறை வாசல் வேணும். ஆம்பிளையள் இருக்கிற இடத்தாலை நான் போகமாட்டன். கழுவத் தண்ணி வேணும். அது ரெண்டும் இருந்தா நான் வாறன். சத்தியமா வாறன்."

"நீயே வந்து சொல்லன்."

"நான் வந்து சொன்னா, இவளுக்கு என்ன வந்தது எண்டு அவ்வளவு பேரும் என்ரை சீலையைத்தான் பார்ப்பினம்."

அது உண்மைதான். அதனால் நான் போனேன்.

கூட்டம் நடந்த இடத்தில் பிளாஸ்ரிக் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கட்டடத்தை வரைகிற சின்யோரா வடக்கே இருந்து வந்தவள். மெலிந்த பெண், கழுத்தில் மரத்தால் செய்த மணி, நல்ல சிரிப்பு. எங்கள் தமிழ்ச் சங்கத்துத் தலைவர் மொழிபெயர்த்தார். ஐம்பது வயதுக்காரர். எந்தக் கூட்டம் என்றாலும் முன் கதிரை அவருக்குத்தான்.

சின்யோரா சுவரில் படம் காட்டினாள். அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடி மக்களுக்கென்று கட்டிய வைத்திய நிலையமாம். அந்தச் சனத்தோடு மாதக்கணக்கில் நிலத்தில் குந்தியிருந்து கேட்டுக் கட்டினதாம். அதைத்தான் தான் பின்பற்றப் போவதாகச் சொன்னாள். செம்மண் நிறச் சுவர். முற்றத்தில் மர நிழல், அதில் சனம் இருக்கிறது. ஒரு படத்தில் இரண்டு வாசல்கள். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. ஒருவர் வருவதை மற்றவர் பார்க்க முடியாதபடி நடுவில் செடி வைத்து மறைத்திருந்தது.

நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். உலகத்தின் அந்தக் கோடியில், என்னை அறியாத, நான் அறியாத பெண்களுக்கு என் மச்சாளுடைய வெட்கமே இருந்திருக்கிறது. யாரோ ஒருத்தி வாய் திறந்து சொல்லியிருக்கிறாள். கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

தலைவர் அந்தப் படத்தைத் தமிழில் இப்படிச் சொன்னார்: "உது காட்டுச் சனத்தின்ரை ஆசுப்பத்திரி. எங்களுக்கு அப்பிடி இல்லை, இதைவிடத் திறமாக் கட்டித் தருவினமாம்."

பிறகு சின்யோரா, பெண்கள் பேச வேண்டும், பெண்களிடம் கேளுங்கள் என்றாள். தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"அக்காமார், வெக்கப்படாமல் சொல்லுங்கோ. சுவருக்கு என்ன நிறம் வேணும்? நல்ல சிவப்பும் வெள்ளையும் அடிக்கச் சொல்லட்டே, கோயில் மாதிரி?"

பின்னால் இருந்து ஒருத்தி, "அப்ப டொக்டரும் ஐயர் மாதிரி மேலுக்குச் சட்டை இல்லாமலோ நிப்பார் தம்பி?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒட்டக்கூடிய ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு தந்திருந்தார்கள். விருப்பத்தை எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு எழுத்தில் எழுதினேன்: பெண்களுக்கு வேறு வாசல். கழுவத் தண்ணீர். எழுதினேனே தவிர எழும்பவில்லை. பலகைக்குப் போவதென்றால் இருபது ஆண்களுக்கு முன்னால் நடக்க வேண்டும். ஒட்டினதும் தலைவர் அதை வாங்கிச் சத்தமாக வாசிப்பார். "கழுவ" என்ற சொல்லில் யாராவது இருமுவான். கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

சின்யோரா என்னிடமே நேரே வந்தாள். குனிந்து என் முகத்தைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கள் அம்மா, என்ன வேண்டும்?" என்று மெதுவாக, எனக்கு விளங்கும் இத்தாலியத்தில் கேட்டாள்.

"வா பெனே," என்றேன். "எல்லாம் நல்லம். வா பெனே."

எல்லாம் சரி, நல்லது என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. விருந்துக்குப் போன வீட்டில் கறியில் உப்பில்லை என்றாலும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வோம். கேட்கிறவர் மனம் நோகக் கூடாது. அப்படி வளர்ந்த வாய். அவளும் சந்தோஷமாகத் தன் கொப்பியில் ஏதோ எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் செருப்புக் கழற்றவும் விடவில்லை.

"சொன்னனியே?"

"ஓம்."

"என்னவாம்?"

"ரெண்டு வாசல் வருமாம். படமும் காட்டினவை."

படம் காட்டியது உண்மை. பொய்க்கு அந்த அளவு உண்மை போதுமாக இருந்தது. அன்றைக்கு மச்சாள் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

ஏழு மாதம் கட்டினார்கள். ஏழு மாதமும் அவள் காத்திருந்தாள். நான் இரண்டு தரம், "இடையிலை ஆசுப்பத்திரிக்கு ஒருக்காப் போவமே?" என்று கேட்டேன். "வாசல் வரட்டும்," என்றாள். துணிகளை அவளே தோய்த்து, என் கண்ணில் படாமல் கட்டிலுக்குப் பின்னால் காய வைப்பாள். ஆடியில் பலெர்மோவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அப்போது அந்த அறைக்குள் ஒரு மணம் இருந்தது. நான் அதை மணக்காத மாதிரி இருந்தேன்.

திறப்பதற்கு ஒரு கிழமைக்கு முன் அங்கே துப்புரவு வேலை எனக்குக் கிடைத்தது. காலையில் மூன்று மணி நேரம். முதல் நாள் உள்ளே போனவுடனே எனக்கு விளங்கிவிட்டது.

ஒரே ஒரு வாசல். முழுக்கக் கண்ணாடி. அதன் மேலே தகட்டில் வெட்டிய தோரணம். குருத்தோலைத் தோரணம் கட்டத் தெரிந்த யாருக்கும் தெரியும், நல்ல காரியத்துக்கு அதன் குருவித்தலை மேலே பார்க்கும், செத்தவீட்டுக்குக் கீழே பார்க்கும். இங்கே அத்தனையும் கீழே பார்த்தன. தலைவர் தன்னுடைய போனில் இருந்து கொடுத்த படத்தைப் பார்த்து வெட்டினார்களாம். நான் மெல்லமாகச் சொன்னேன். "அக்கா, உது இத்தாலியருக்குத் தெரியவோ போகுது? விடுங்கோ," என்றார். நோயாளியை வரவேற்க வாசலில் பிணத் தோரணம். கோலத்தை நிலத்தில் ஓட்டால் பதித்திருந்தார்கள், அதன் மேல் செருப்போடு நடக்க. நான் தினமும் அதில் ஒட்டியிருக்கும் சூயிங்கத்தைச் சுரண்டுகிறேன்.

வைத்தியர்களின் அறைகளுக்கும் கண்ணாடிக் கதவு. ஒளிவு மறைவில்லாத கட்டடமாம். கதவின் நடுவில் மட்டும் பால் நிறம் பூசியிருந்தார்கள். மேலே தலை தெரியும், கீழே கால் தெரியும். கழிப்பறையில் கையைக் காட்டினால் வரும் குழாய். மூன்று சொட்டு விட்டு நின்றுவிடும். பூமிக்கு நோகக் கூடாதல்லவா. இந்த ஊரில் எந்த ஏழை வீட்டிலும் இருந்து கழுவ பிதே என்று ஒரு தாழ்ந்த தொட்டி இருக்கும். இங்கே ஒரு குடுவை வைக்க இடமில்லை. திறந்து மூன்றாம் நாளே மூலையில் வெறும் தண்ணீர்ப் போத்தல்கள் குவிந்தன. பெண்கள் வீட்டிலிருந்து நிரப்பிக் கொண்டு வந்து பாவித்து அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். ஈரமும் கடதாசியும் ஒன்றாகி நிலமெல்லாம் கூழ். அதை அள்ளும்போது நான் ஒருவரையும் திட்டவில்லை. கைப்பைக்குள் இருந்த மஞ்சள் கடதாசிதான் நினைவுக்கு வந்தது.

இதைப் பார்த்த பிறகும் நான் மச்சாளிடம் சொல்லவில்லை. அவளுக்கு நாள் எடுத்துக் கொடுத்தேன். என்னைப்பற்றி எனக்கு இருக்கும் அருவருப்பில் பாதி இந்த இடத்தில்தான்.

அவள் நல்ல சீலை கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்றாள். "மற்ற வாசல் எங்கை?" என்றாள்.

"உள்ளை வா, சொல்லுறன்."

காத்திருக்கும் மண்டபம் அதற்குள் ஆண்களின் தேத்தண்ணிக் கடை மாதிரி ஆகியிருந்தது. குத்துவிளக்கைச் சுற்றிச் சனம் இருக்க ஒரு வட்ட வாங்கு. தலைவரும் நாலைந்து பேரும் நோயில்லாமலே தினமும் வந்து இருப்பார்கள். சுவரில் ஒரு திரை. அதற்குள் ஒரு பெண் குரல் ஒவ்வொருவரின் பெயரையும் போக வேண்டிய அறையையும் கூப்பிடும். மச்சாளுடைய பெயரைக் கடித்துக் குதறிச் சொல்லி, பெண்நோய்ப் பகுதி, மூன்றாம் அறை என்றது. மண்டபம் முழுக்கக் கேட்டது. அந்தச் சொல் எங்கள் ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்த இத்தாலியச் சொல், பெண்சாதிமாரைப் பிள்ளைப்பேற்றுக்குக் கூட்டிப் போய்ப் பழகியது.

"என்ன அக்கா," என்றார் தலைவர், "பொம்பிளையளின்ரை டொக்டரிட்டையோ? இந்த வயசிலை என்ன விசேஷம்?"

"தலைவர், சங்கத்தாலை தொட்டில் ஒண்டு வாங்க வேணும் போலை," என்றான் பக்கத்தில் இருந்தவன். வட்டமாகச் சிரித்தார்கள். கெட்ட மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். என் புருஷன் செத்தபோது பெட்டி தூக்கியவர்களும் அவர்கள்தான். அந்தச் சிரிப்பு மட்டும் இன்றைக்கும் என் காதுக்குள் ஊத்தையாக ஒட்டிக் கிடக்கிறது.

மச்சாள் தலை நிமிர்ந்து, "முழங்கால் தம்பி. மிசின் பிழையாச் சொல்லுது," என்றாள்.

உள்ளே டொக்டர் ஒரு இளம் பெண். மச்சாள் கதவைப் பார்த்தாள். பால் நிறத்துக்குக் கீழே ஆண்களின் சப்பாத்துகள் தெரிந்தன. அவள் சீலையை முழங்கால் வரைக்கும் தூக்கி, "இஞ்சை நோகுது," என்று தமிழில் சொல்லி, காலுக்கு உள்ள இத்தாலியச் சொல்லையும் சொன்னாள். டொக்டர் முழங்காலை அமத்தினாள், மடக்கினாள், நீட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். இரத்தம் என்ற சொல் எனக்குத் தெரியும். லிபெர்த்தாவில் ஒரு கிழவி விழுந்து மண்டை உடைந்த அன்று நான் கத்திய சொல். அதைச் சொல்லாமல் மச்சாளுடைய சீலைக் கரையைச் சரிசெய்து விட்டேன். பூசுகிற மருந்துக் குழாய் ஒன்றோடு நாங்கள் வெளியே வந்தோம்.

வீட்டில் அவள் அந்தக் குழாயை மேசையில் வைத்தாள்.

"நீ சொன்னனான் எண்டாய்."

நான் மஞ்சள் கடதாசியை எடுத்து நீட்டினேன். அவள் வாசித்தாள். இரண்டு வரிதான், ஆனால் நெடுநேரம் வாசித்தாள்.

"உன்ரை வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே கிடந்தது? ஏழு மாசமடி. ஏழு மாசம் உன்ரை வாசலை நம்பி நான் ஊத்திக்கொண்டு கிடந்தனான்."

அதுவரை அவள் என்னை ஒருநாளும் "அடி" போட்டுக் கூப்பிட்டதில்லை. அவள் அழவில்லை. கட்டிலுக்குப் பின்னால் போய்க் காய்ந்த துணியை மடிக்கத் தொடங்கினாள்.

அடுத்த நாள் விடிய வேலைக்குப் போனபோது மூன்றாம் அறைக்குப் பக்கத்து நடையில் இருந்த கதவைத் திறந்தேன். குப்பை எடுக்கிற கதவு. பின்பக்க ஒழுங்கைக்குப் போகும். சின்ன முற்றத்தில் நாலு பெரிய தொட்டிகள். பக்கத்துச் சந்தைக் கடைக்காரர் மதிலுக்கு மேலால் எறிகிற மீன் குடலும் அழுகல் தக்காளியும் கீழே. தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் வருகிற இடம். அன்றைக்குத்தான் அதை ஒரு வாசலாகப் பார்த்தேன்.

டொக்டர் வந்ததும் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். எனக்கு இருந்த சொற்கள் எல்லாவற்றையும் வரிசைப்படி இல்லாமல் கொட்டினேன். நேற்று. மச்சாள். முழங்கால் இல்லை. இரத்தம். கீழே. ஏழு மாதம். ஆண்கள் இல்லை. பின் கதவு.

அவள் கையில் இருந்த கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நாளைக்கு மற்றவர்கள் வர முன்னம் கூட்டி வாருங்கள்," என்றாள்.

அன்று வேலை முடிந்தும் நான் போகவில்லை. தொட்டிகளை ஒரு பக்கம் தள்ளி, மீன் குடலை அள்ளி, குளோரின் ஊற்றித் தேய்த்தேன். அறையின் கண்ணாடிக்கு என் கட்டில் விரிப்பைக் கட்டினேன். கழிப்பறைக்குள் ஒரு வாளியும் குடுவையும் வைத்து, மழைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நிரப்பினேன்.

மச்சாள் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"சீ! செத்த எலி மணக்குது. இதுதானோ உன்ரை பொம்பிளை வாசல்?"

"நிலம் சறுக்கும். கீழை பார்த்து நட."

"நீ வெளியிலை நில். உனக்கும் காட்டமாட்டன்."

தொட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எவ்வளவு தேய்த்தும் அந்த மணம் போகவில்லை. சொந்த மச்சாளை, முந்தாநாள் பட்டுச்சீலை கட்டி வந்தவளை, குப்பை போகிற வழியால் உள்ளே அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்தச் செருப்பின் அடியைத் துடைத்தேன்.

டொக்டர் தானே வெளியே வந்தாள். "ஏன் இப்போதுதான்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"நான் வா பெனே என்று சொன்னேன்," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்கு இத்தாலியம் போதாது.

அவசரம் என்று எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். கருப்பையை எடுத்தார்கள். புற்றுநோய் அதைவிட்டு வெளியே கால் வைக்கத் தொடங்கியிருந்தது என்றார்கள். பிறகு ஏற்றிய மருந்தில் மச்சாளுடைய தலைமயிர் கொட்டிவிட்டது. ஏழு மாதத்துக்கு முன் வந்திருந்தால் என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

அதற்குள் அந்தக் கதவால் மற்றப் பெண்களும் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி, எங்கள் பெண்கள், வங்காளிப் பெண்கள். கதிரை மூன்றானது. அப்போதுதான் வரைபடக்கார சின்யோரா தன் கட்டடத்தைப் படம் பிடிக்க வந்தாள். தலைவர் கூட வந்து எல்லாம் காட்டினார். பின் கதவடியில் அவள் நின்றுவிட்டாள். கதிரைகளைப் பார்த்தாள். வாளியையும் குடுவையையும் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்து, எவ்வளவு அழகு, பெண்கள் தாங்களாகவே இடத்தைத் தங்களுடையதாக ஆக்கியிருக்கிறார்கள் என்றாள். குனிந்து வாளியைப் படம் பிடித்தாள்.

"அழகில்லை சின்யோரா," என்றேன். "நாறுது."

அந்தச் சொல் அவர்கள் மொழியில் எனக்கு நன்றாகவே தெரியும்.

"அக்கா பகிடி விடுறா," என்று தலைவர் அவளுக்குச் சொல்லத் தொடங்கினார்.

"தம்பி, நீர் கொஞ்சம் சும்மா இரும்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கைப்பையிலிருந்து மஞ்சள் கடதாசியை எடுத்து சின்யோராவிடம் கொடுத்தேன். தன் கடதாசி என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தலைவரைக் கேட்டாள். அவர் வாசித்துப் பார்த்து வாசலைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தார். கழுவ என்ற சொல்லுக்கு வந்தபோது இருமியவர் அவர்தான்.

சின்யோராவின் முகம் சிவந்தது. அடுத்த கட்டடத்தில் கட்டாயம் என்றாள். இதற்கு இனிப் பணமில்லையாம், சுவரை உடைக்க முடியாதாம்.

இப்போது மண்டபத்தில், விளக்குக்கு மேலே, என் வாளியும் குடுவையும் பெரிய படமாகச் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியது நான். துடைக்கிறேன், சம்பளம் தருகிறார்கள். தொட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

மச்சாள் வெட்டின காயத்துக்கு மருந்து கட்டக் கிழமைக்கு ஒரு தரம் அந்தப் பின் கதவால் வருகிறாள். தலையில் துணி சுற்றிக்கொண்டு, மதிலைப் பிடித்துப் பிடித்து. என்னோடு இன்னும் முழுதாகக் கதைக்கிறதில்லை. ஆனால் வருகிற நாள் விடியவே குசினியில் நின்று இதை மட்டும் கேட்பாள்:

"கதவடியைக் கழுவினனியே?"

"நேத்து ரெண்டு தரம் கழுவினனான்."

"இண்டைக்கு மூண்டாந்தரமும் கழுவு," என்பாள்.